சர்க்கரையும் கண்ணும்: வேலூர்ப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கண் மருத்துவ உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது வட ஆற்காடு ஒரே மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டம் மாறியதே தவிர, முகாமில் மக்கள் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டிலும் காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சிலும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். அவற்றில் சர்க்கரையும் கண்ணும் சம்பந்தப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன். உங்கள் கண்ணுக்கு எது சரி என்பதை அந்தக் கண்ணைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

சர்க்கரை இருந்தால் கண்ணில் என்னதான் ஆகிறது?

கண்ணின் பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. நம் ஊரில் 'கண் நரம்பு' என்பார்கள். பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு ரத்தம் கொண்டுவருபவை மயிரிழை போன்ற குழாய்கள்.

நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குழாய் பழசானால் ஒரு இடத்தில் கசியும், இன்னொரு இடத்தில் அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இந்த நுண்குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. முதலில் சுவர் அங்கங்கே குட்டிக் குட்டியாகப் புடைக்கிறது. அப்புறம் புள்ளி புள்ளியாக ரத்தமும், மஞ்சளாகக் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் கிடைக்காத பகுதி, 'எனக்கு ரத்தம் போதவில்லை' என்று ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அதைக் கேட்டுப் புதிய குழாய்கள் முளைக்கின்றன.

புதுக் குழாய் முளைத்தால் நல்லதுதானே என்று குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இவை அவசரத்தில் முளைத்த, பலமில்லாத குழாய்கள். விழித்திரையின் மேற்பரப்பில் கொடி மாதிரி படர்கின்றன. லேசாக இழுபட்டாலே உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். பின்னால் தழும்பாகி விழித்திரையையே பிய்த்து இழுக்கும். சில பேருக்குக் கண்ணின் முன்பக்கமும் முளைத்து, கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஏன் பரிசோதனைக்கு வர வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

விழித்திரையின் நடுவில் மாக்குலா என்ற சின்ன இடம் இருக்கிறது. எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருகிறவரின் முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. அது கெடாத வரை மீதி விழித்திரை முழுக்க நோய் பரவியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதில்லை. போர்டில் கடைசி வரி வரை படிப்பீர்கள். அதே நாளில் கண்ணுக்குள் புதுக் குழாய்கள் படர்ந்திருக்கலாம்.

என் அண்ணனுக்கு நடந்தது இதுதான். லாரி ஓட்டியவர். தூரத்தில் வரும் பஸ்ஸின் ஊர்ப்பெயரை எங்கள் எல்லோருக்கும் முன்னால் படிப்பார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அவரை ஒரு தடவைகூட உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. 'அவருக்குத்தான் பார்வை தெரிகிறதே' என்ற அதே நினைப்பு எனக்கும் இருந்தது. ஒரு முகாமில் கூட்டம் குறைவாக இருந்த நாளில் சும்மா உட்கார வைத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதே அவர் முகத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புதுக் குழாய்கள்.

அப்படியென்றால் எப்போது, எத்தனை தடவை பார்க்க வேண்டும்?

பெரியவர்களுக்கு வரும் சாதாரணச் சர்க்கரை நோய் என்றால், சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த உடனேயே ஒரு தடவை. ஏனென்றால் அது தெரிய வருவதற்குச் சில வருஷம் முன்பே உடம்பில் இருந்திருக்கும். அதன்பிறகு வருஷம் ஒரு தடவை. சிறு வயதிலேயே வந்து, இன்சுலின் இல்லாமல் முடியாது என்ற வகை என்றால், தெரிந்து ஐந்து வருஷத்தில் தொடங்கி வருஷா வருஷம். நோய் ஏற்கெனவே தெரிந்துவிட்டால் ஆறு மாதம், மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லும் கணக்கு.

சர்க்கரை உள்ள பெண் கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த நோய் வேகமெடுக்கும். கர்ப்பத்தில் மட்டும் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நிலைத்துவிட வாய்ப்பு அதிகம் என்பதால், பிரசவத்துக்குப் பின் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை உள்ள எல்லோருக்கும் இது வந்துவிடுமா?

வராது. 2015 முதல் 2019 வரை நாடு முழுக்க எடுத்த அரசுக் கணக்கெடுப்பில், 50 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 16.9 சதவீதம் பேருக்கு விழித்திரையில் பாதிப்பு இருந்தது. ஆறு பேரில் ஒருவர். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. அதில் ஆறில் ஒன்று என்று போட்டுப் பாருங்கள்.

சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதுதான் முதல் விஷயம். அப்புறம் அது எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம், ரத்தசோகை. கண்ணும் சிறுநீரகமும் இந்த நோயில் பெரும்பாலும் ஜோடியாகப் போகும். அதனால் கண்ணில் பாதிப்பு என்று சொன்னால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

என் சர்க்கரை கண்ட்ரோலில்தான் இருக்கிறது.

சந்தோஷம். எந்தக் கணக்கில் கண்ட்ரோல்? டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றுக் கணக்கைக் காட்டி டாக்டரைச் சந்தோஷப்படுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையை அப்படி ஏமாற்ற முடியாது. அது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார்.

கட்டுப்பாட்டுக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. முதல் வகைச் சர்க்கரை, அதாவது மேலே சொன்ன இன்சுலின் இல்லாமல் முடியாத வகை, உள்ளவர்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 1993-இல் வெளியானது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்தும் இதில் கால்வாசி வேலைகூடச் செய்ததில்லை. இருந்தாலும் ஆபத்து குறையுமே தவிர, ஒரேயடியாகப் போய்விடாது. கண்ட்ரோலில் இருப்பவரும் வருஷத்துக்கு ஒரு தடவை வர வேண்டும்.

சர்க்கரையைச் சட்டென்று குறைத்தால் கண் கெட்டுவிடும் என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை இருக்கிறது. பல வருஷம் ஏறியே இருந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால், ஏற்கெனவே பாதிப்பு உள்ள கண்ணில் சில மாதம் அது கூடலாம். அதற்காக மருந்தை நிறுத்துவது தப்பு. இன்சுலின் தொடங்கும்போதோ, புது ஊசி மருந்துகள் தொடங்கும்போதோ கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். நாள் போனால் கட்டுப்பாடுதான் ஜெயிக்கும்.

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்தேனே, அது போதாதா?

போதாது. அது பவர் பார்க்கும் கருவி, விழித்திரையைப் பார்க்காது. ஒருவர் ஒரே வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றிவிட்டு முகாமுக்கு வந்தார். மூன்றாவது கண்ணாடியிலும் எழுத்து நெளிந்தது. நெளிவு கண்ணாடியில் இல்லை, மாக்குலாவில் நீர் கோத்திருந்தது.

இன்னொன்று. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் வீங்கி வடியும். பவரும் கூடவே மாறும். சர்க்கரை 350 இருக்கும் நாளில் எடுத்த கண்ணாடி, 150-க்கு வந்த பிறகு பொருந்தாது. சில வாரம் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு கண்ணாடி வாங்குங்கள். துட்டு மிச்சம்.

சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார்களே, அது எதற்கு? வலிக்குமா?

கண் பாப்பா ஜன்னல் மாதிரி. வெளிச்சம் பட்டால் சுருங்கிக்கொள்ளும். சின்ன ஓட்டை வழியாக உள்ளே முழுக்கப் பார்க்க முடியாது. மருந்து விட்டால் இருபது முப்பது நிமிஷத்தில் விரியும். டாக்டர் விளக்கும் லென்ஸும் வைத்து விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். மருந்து விடும்போது கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்.

அப்புறம் நான்கைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்; சித்திரை மாதம் மருந்து விட்ட கண்ணோடு பகல் ஒரு மணிக்கு வெளியே வந்தால் தெரியும் சேதி. குடை, கறுப்புக் கண்ணாடி, கூட ஒரு ஆள். வண்டி ஓட்டக் கூடாது. டூவீலரில் தனியாக வந்துவிட்டு, 'மருந்து வேண்டாம், சும்மா பாருங்க' என்று வாக்குவாதம் செய்கிறவர்கள் தினம் நான்கு பேராவது இருந்தார்கள்.

முகாமில் மருந்தே விடாமல் போட்டோ எடுத்தார்களே?

அதுவும் சரிதான். விழித்திரையைப் படம்பிடிக்கும் கேமராக்கள் இப்போது மருந்து விடாமலே ஓரளவு எடுக்கின்றன. படத்தை வேறு ஊரில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்லலாம். கம்ப்யூட்டரே பார்த்து 'இவரை அனுப்பு' என்று சொல்லும் முறையும் வந்துவிட்டது. டாக்டர் பார்க்காமல் தானே முடிவு சொல்லும் அப்படி ஒரு கருவிக்கு 2018-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அந்தத் துறைக்கு வழிகாட்டிய 2016-ஆம் ஆண்டு கூகுள் ஆய்வில், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் இருந்தன.

ஆனால் புரை இருந்தால் படம் மங்கலாக வரும். 'படம் தெளிவில்லை' என்று சீட்டில் எழுதியிருந்தால் 'நோய் இல்லை' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓ.சி.டி., ஆஞ்சியோகிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பயமாக இருக்கிறது.

ஓ.சி.டி. என்பது வெளிச்சத்தை வைத்து விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் படம். கதிர்வீச்சு இல்லை, கண்ணைத் தொடுவதுமில்லை, சில நிமிஷத்தில் முடியும். மாக்குலாவில் நீர் எவ்வளவு என்று மைக்ரான் கணக்கில் சொல்லிவிடும்.

ஆஞ்சியோகிராம் என்றதும் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இது இதயத்துக்குச் செய்வது இல்லை. கையில் நரம்பூசி மூலம் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்தைச் செலுத்தி, கண் குழாய்களில் அது எங்கே கசிகிறது, எங்கே போய்ச் சேரவில்லை என்று படம் எடுப்பார்கள். அன்றைக்குத் தோல் மஞ்சளாகத் தெரியும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மஞ்சள் காமாலை என்று மந்திரிக்க ஓட வேண்டாம். சிலருக்குக் குமட்டல் வரும். அலர்ஜி அரிது, ஆனால் உண்டு. அதனால் ஏற்கெனவே மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

சீட்டில் என்.பி.டி.ஆர்., பி.டி.ஆர்., டி.எம்.இ. என்று ஏதேதோ இருக்கிறதே?

என்.பி.டி.ஆர். என்றால் புதுக் குழாய் இன்னும் முளைக்கவில்லை. கூடவே லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று எழுதியிருப்பார்கள். பி.டி.ஆர். என்றால் முளைத்துவிட்டது; தள்ளிப்போடக் கூடாது. டி.எம்.இ. என்றால் மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறது. இது மேலே சொன்ன எந்தக் கட்டத்திலும் சேர்ந்து வரலாம். பார்வை மங்கி வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட அது வேண்டும்.

ஆரம்ப நிலை என்றார்கள், ஆனால் மருந்தே தரவில்லை. டாக்டர் சரியில்லையா?

டாக்டர் சரிதான். லேசான நிலையில் கண்ணுக்கென்று தனி மருந்து தேவையில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பிடித்தால் அந்தக் கட்டத்திலேயே நிறுத்தலாம்; சில நேரம் பின்வாங்கவும் செய்யும். சீட்டில் மருந்து இல்லையென்றால் வைத்தியமே இல்லை என்று நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சீட்டில் 'ஆறு மாதம் கழித்து வரவும்' என்று ஒரு வரி இருக்குமே, அதுதான் மருந்து.

லேசர் போட்டால் போன பார்வை திரும்புமா?

பெரும்பாலும் திரும்பாது. இதை முதலிலேயே சொல்லாமல் விடுவதால்தான் பின்னால் சண்டை வருகிறது. புதுக் குழாய்களுக்காகப் போடும் லேசர், இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான். ரத்தம் கிடைக்காமல் கத்திக்கொண்டிருக்கும் ஓரப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்னச் சூடு, இரண்டு மூன்று தவணையில். அந்தப் பகுதியின் தேவை குறையும், ரசாயனம் சுரப்பது குறையும், புதுக் குழாய்கள் சுருங்கும். 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்விலேயே, பார்வை கடுமையாகப் போகும் ஆபத்தை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது தெரிந்தது. பழைய வைத்தியம்தான், இன்றும் வேலை செய்கிறது.

அண்ணனுக்கு இரண்டு கண்ணுக்கும் போட்டார்கள். 'நல்லாத் தெரிஞ்ச கண்ணுல சூடு போட வெச்சிட்டியேடா' என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ராத்திரியில் பார்வை கொஞ்சம் குறைந்ததும், ஓரத்தில் வருவது தாமதமாகத் தெரிந்ததும் உண்மை. அது இந்தச் சிகிச்சையின் விலை. ராத்திரி லாரி ஓட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. இடது கண்ணுக்கு மூன்றாவது தவணை பாக்கி. அதற்கு அவர் போகவில்லை. நானும் அலைச்சலில் நினைவுபடுத்தவில்லை. அதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

கண்ணுக்குள் ஊசியா!

ஆமாம், கண்ணுக்குள்தான். கேட்கும்போது இருக்கும் பயத்தில் பாதிகூட அங்கே படுத்தால் இருக்காது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், கண்ணைக் கிருமிநாசினியால் கழுவுவார்கள், வெள்ளை விழியில் மயிரிழை ஊசி. சில நொடி. அழுத்தின மாதிரி இருக்கும்.

முன்பு சொன்னேனே, குழாய் முளைக்கச் சொல்லி விழித்திரை சுரக்கும் ரசாயனம், அதைத் தடுக்கும் மருந்து இது. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் என்று சில வகை. மாக்குலாவில் நீர் கோத்தால் இன்றைக்கு இதுதான் முதல் வைத்தியம். லேசரைப் போல் இல்லாமல், இதில் பலருக்குப் பார்வை கொஞ்சம் கூடவும் செய்யும். பெவாசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. பெரிய குப்பியைச் சின்ன அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் செலவு மிகக் குறைவு. 'எனக்குக் கேன்சர் மருந்து போட்டுட்டாங்க' என்று யாரும் பதற வேண்டாம்.

ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒன்று வீதம் சில மாதம், அப்புறம் ஓ.சி.டி. பார்த்து இடைவெளி விடுவார்கள். முதல் வருஷம் ஏழெட்டு ஊசிகூட ஆகலாம். போகப் போகக் குறையும். இரண்டு ஊசியில் கொஞ்சம் தெளிவானதும் நின்றுவிடுகிறவர்களுக்குத்தான் நீர் திரும்ப வருகிறது. ஊசி போட்டுக்கொண்டு காணாமல் போவது லேசரை விட ஆபத்து, ஏனென்றால் மருந்தின் வேலை ஒன்றிரண்டு மாதம்தான். மாதா மாதம் வர முடியாத ஊரில் இருந்தால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்; அதைக் கணக்கில் வைத்து லேசரா ஊசியா என்று முடிவு செய்வார். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஊசி போட்ட சில நாளுக்குள் வலி கூடி, கண் சிவந்து, பார்வை இறங்கினால் அன்றைக்கே போங்கள். கிருமி தொற்றுவது மிக அரிது. ஆனால் தொற்றினால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். ஸ்டீராய்டு ஊசி என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் புரையும் கண் அழுத்தமும் வரக்கூடும் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

திடீரென்று கண்ணில் கறுப்பாகப் புழு நெளிகிற மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிகிறது.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை பிய்ந்திருக்கலாம். மின்னல் அடிப்பது, ஒரு பக்கம் திரை விழுவது இவையும் அப்படித்தான். போகும் வரை குனிந்து பாரம் தூக்க வேண்டாம்; ராத்திரி தலையை உயர்த்திப் படுங்கள்.

அண்ணனுக்கு ஒரு விடியற்காலை, பல் விளக்கும்போது இடது கண்ணில் புகை மாதிரி வந்து, டீ குடித்து முடிப்பதற்குள் கறுப்பாகிவிட்டது. பாக்கி வைத்திருந்த அதே கண். வலது கண்ணுக்கு எல்லாத் தவணையும் முடித்திருந்தார். அது இன்றைக்கும் பேப்பர் படிக்கிறது.

ரத்தம் கொட்டினால் ஆபரேஷன்தானா?

எப்போதும் இல்லை. கொஞ்சம் என்றால் சில வாரத்தில் தானே கரையும். கரையாவிட்டால், அல்லது தழும்பு விழித்திரையை இழுத்தால், விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை. வெள்ளை விழியில் நுண்துளை போட்டு, உள்ளே ரத்தம் கலந்த ஜெல்லை எடுத்து, இழுக்கும் தழும்பை வெட்டி, லேசரும் போட்டு முடிப்பார்கள். விழித்திரையைப் பிடித்து நிறுத்தச் சில நேரம் வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். எண்ணெயைப் பிறகு இன்னொரு ஆபரேஷனில் எடுப்பது வழக்கம். வாயு என்றால் சில நாள் குப்புறப் படுக்கச் சொல்லலாம். வாயு கரையும் வரை விமானம் ஏறவே கூடாது. மலை ஏறுவதும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், ஏலகிரியாக இருந்தாலும். அண்ணனுக்கு ஆபரேஷன் ஆனது. இடது கண்ணில் விரல் எண்ணும் அளவுக்குப் பார்வை மிச்சம்.

புரையும் இருக்கிறது. முதலில் புரையை எடுத்துவிடலாமா?

சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமே வரும். விழித்திரையில் நீர் இருக்கும்போது புரையை மட்டும் எடுத்தால் நீர் கூடலாம். 'ஆபரேஷன் பண்ணியும் தெரியலையே' என்ற ஏமாற்றம் அங்கேதான் வருகிறது. முடிந்தவரை விழித்திரையை முதலில் சரிசெய்வார்கள். புரை அடர்த்தியாக மறைத்தால் வேறு வழியில்லை, அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

தேன், வெங்காயச் சாறு, தாய்ப்பால் விடலாமா?

வேண்டாம். விழித்திரை கண்ணின் பின்பக்கம் இருக்கிறது. இவை முன்பக்கத்தைப் புண்ணாக்குவதோடு சரி.

பொன்னாங்கண்ணி சாப்பிட்டால்?

தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. ஆனால் கசியும் குழாயை அது அடைக்காது. கேழ்வரகுக் களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று ஒரு நம்பிக்கை நம் பக்கம் உண்டு. மூன்று உருண்டை களியும் சர்க்கரையை ஏற்றும். ஆம்பூர் பிரியாணியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசில்லை, கத்திரிக்காய்த் தொக்கைக் கூட்டி, சோற்றைப் பாதியாக்குங்கள். ஆற்காடு மக்கன் பேடாவுக்கு நான் வாதாட முடியாது.

செல்போன் பார்ப்பதால் இது வருகிறதா?

இல்லை.

வேலூரில் எங்கே போவது? செலவு?

ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் மருத்துவமனை திறந்த அதே வளாகம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் கண் மருத்துவ உதவியாளரிடம் கேட்டாலே, எங்கே, எந்தக் கிழமை என்று சொல்லி அனுப்புவார். எங்கே போனாலும் 'கண் டாக்டரைப் பார்க்கணும்' என்று சொல்லாமல், 'எனக்கு இத்தனை வருஷமாகச் சர்க்கரை, விழித்திரையைப் பார்க்கணும்' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிச் சீட்டோடு திரும்பி வருவீர்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சை அதில் வருகிறதா என்று அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கண்ணையும் பார்ப்பார்களா?

2021-இல் தொடங்கிய அந்தத் திட்டம் நல்ல திட்டம். படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கெல்லாம் மாத்திரை போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு விஷயம் என் கண்ணில் படுகிறது. மாத்திரை வீட்டுக்கு வரும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே காரணமும் சிலருக்கு இல்லாமல் போகிறது. விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், பக்கத்தில் எப்போது கண் முகாம் என்று.

அம்மா வரமாட்டேன் என்கிறாள். ஒரு நாள் கூலி போகுமாம்.

பீடி சுற்றுகிறவர்களிடமும் செருப்புக் கம்பெனியில் தைக்கப் போகிறவர்களிடமும் இதைத்தான் அதிகம் கேட்டேன். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நாள் போனால் கூலி போகும். கூட வருகிறவர் கூலியும் போகும். நான் பார்த்தவரை, 'உனக்குக் கண் போயிடும்' என்று மிரட்டினால் அம்மாக்கள் வருவதில்லை. அவர்கள் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் அதே நாளில் கண்ணையும் காட்டும்படி ஏற்பாடு செய்தால் வருகிறார்கள். ஒரே கூலி நஷ்டம், இரண்டு வேலை. வருஷம் மறக்காமல் இருக்க ஒரு நாளோடு முடிச்சுப் போடுங்கள். குடியாத்தத்தில் ஒரு குடும்பம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த அடுத்த வாரம் என்று வைத்திருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்திருப்பார்கள், கூட்டிப்போக ஆள் கிடைக்கும்.

பார்வை ஏற்கெனவே போய்விட்டது. இனி ஆஸ்பத்திரியால் என்ன பயன்?

இன்னொரு கண் இருக்கிறதே. மிச்சமிருக்கும் பார்வையில் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடிகள் உண்டு. குறைபார்வைப் பிரிவில் பழக்கிவிடுவார்கள். குறைபாட்டின் அளவைப் பொறுத்து மாற்றுத்திறனாளி சான்றிதழும் கிடைக்கும், அதை வைத்துப் பேருந்துச் சலுகை, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

சர்க்கரை இருந்தால் கண் தானம் செய்யக் கூடாதாமே?

செய்யலாம். எடுப்பது முன்பக்கத்துக் கார்னியாவை; கெட்டிருப்பது பின்பக்கத்து விழித்திரை. கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர் எல்லோரும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும்; அது வரை இமையை மூடி, ஈரத்துணி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

கடைசி ஹெச்பிஏ1சி சீட்டு, ரத்த அழுத்தக் கணக்கு, தினம் போடும் மாத்திரைகள் அட்டையோடு, பழைய கண் சீட்டு, இப்போது போடும் கண்ணாடி. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டே போங்கள், கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். கையில் இரண்டு பிஸ்கட், தண்ணீர். அண்ணன் இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறார். குடையை அவர் எடுத்துக்கொள்வார், பையை நான்.